ஓபலுக்குப் பட்டை எதற்கு? முதல் கல்லை இழைப்பது எப்படி

ரத்தினக் கல் என்றாலே பட்டை தீட்டுவது என்றுதான் நமக்கு வாயில் வரும். ஓபலிடம் அந்தப் பேச்சு எடுபடாது. கல்லுக்குள் வரிசையாக அடுக்கப்பட்ட நுண்ணிய சிலிக்கா உருண்டைகளே வெளிச்சத்தைப் பல நிறங்களாகப் பிரிக்கின்றன. மேலே வழவழப்பான குமிழ் இருந்தால் போதும். அந்த வடிவத்துக்குக் கபோஷான் என்று பெயர். மெக்சிகோவின் தெளிந்த நெருப்பு ஓபல் மட்டும் விலக்கு. அது பட்டையில் நன்றாக மின்னும்.

பழகுவதற்கு ஆஸ்திரேலியாவின் கூபர் பெடி வெள்ளை ஓபல் நல்லது. எத்தியோப்பியாவின் வெலோ கல் தண்ணீரைக் குடித்து நிறத்தை ஒளித்துக்கொண்டு புதியவரைத் திணறடிக்கும்.

முதலில் கல்லை நனைத்து, விளக்கடியில் எல்லாப் பக்கமும் திருப்பிப் பாருங்கள். நிறமில்லாத பகுதியைப் பாட்ச் என்பார்கள். அதனூடே நிறப்படலம் ஒன்று, பக்கவாட்டில் பார்க்கும்போது கோடாகத் தெரியும். அந்தப் படலம் கல்லின் முகத்துக்கு இணையாகப் படுத்திருக்க வேண்டும். எடை குறையுமே என்று என் முதல் கல்லில் அதை நிமிர்த்தியே விட்டுவிட்டேன். மேலிருந்து பார்த்தால் ஒரே ஒரு பச்சை நூல்தான் தெரிந்தது! அரை மணி நேரம் பார்த்துவிட்டுப் பிறகு சக்கரத்தைத் தொடுங்கள்.

படலம் தடிமனாக இருந்தால் குமிழை உயர்த்தலாம். மெல்லியதாக இருந்தால் தாழ்த்தியே ஆக வேண்டும். இல்லையென்றால் ஓரத்தில் நிறம் தேய்ந்து பாட்ச் எட்டிப் பார்க்கும்.

அடுத்து, 220 எண் வைரச் சக்கரத்தில் (எண் ஏற ஏறச் சக்கரம் நைசாகும்) அடிப்பக்கத்தைச் சமமாக்கி, சுற்று வடிவத்தையும் கொண்டுவாருங்கள். தண்ணீர் ஓடிக்கொண்டே இருக்கட்டும். சூடேறினால் ஓபல் வெடிக்கும். சிலிக்காத் தூசியோ நுரையீரலுக்குப் பகை. முகக்கவசம் கட்டாயம்.

அடிப்பக்கத்தை உடனடிப் பசையால் ஒரு குச்சியில் ஒட்டுங்கள். அரக்கும் பிடிக்கும், ஆனால் அதன் சூடு புதியவர் கையில் ஆபத்து. குச்சியைச் சுழற்றிக்கொண்டே ஓரத்திலிருந்து உச்சியை நோக்கி இழையுங்கள். நிறம் பளிச்சென்று முகம் காட்டியதும் நிறுத்திவிடுங்கள்.

பிறகு 600, 1200, 3000 எண் சக்கரங்களில் வரிசையாக இழையுங்கள். ஒவ்வொன்றுக்கும் பின் கல்லைத் துடைத்து உலரவிட்டு, பூதக்கண்ணாடியில் பாருங்கள். ஈரம் கீறலை மறைத்துவிடும். கடைசியாக, ஈரக் கம்பளித் தட்டில் சீரியம் ஆக்சைடு என்ற மெருகுப் பொடியைத் தடவி மெருகேற்றுங்கள்.

அசிட்டோனில் ஊறினால் கல் குச்சியிலிருந்து கழன்றுவிடும். அடி விளிம்பின் கூர்மையை மட்டும் லேசாக மழுக்கிவிடுங்கள். மோதிரத்தில் பதிக்கும்போது சில்லு தெறிக்காது.