வெட்டுவதற்கு முன் கோடு: இரும்பில் மார்க்கிங் செய்கிற முறை

சிங்கப்பூரில் துவாஸ் பக்கமோ சுங்கை காடுட் பக்கமோ, எந்த ஃபேப்ரிகேஷன் ஒர்க்‌ஷாப்பிலும் கோடு போடுகிறவர் ஒருத்தர், வெட்டுகிறவர் இன்னொருத்தர். பகலில் மார்க் செய்துவிட்டு நீங்கள் டார்மிட்டரி லாரியில் ஏறிவிடுவீர்கள். இரவு ஷிஃப்டில் வருகிற பங்ளாதேஷ்காரரோ சீனரோ மியன்மார்காரரோ உங்கள் கோட்டைப் பார்த்துத்தான் கேஸ் கட்டிங் டார்ச்சைப் பற்றவைப்பார். அவரிடம் தமிழில் விளக்க முடியாது, அந்த நேரத்தில் ஃபோர்மேன் பக்கத்தில் இருப்பார் என்பதும் நிச்சயமில்லை. அதனால் எங்கே வெட்டுவது, கோட்டின் எந்தப் பக்கம் தேவையில்லாதது, எந்தக் கோட்டைத் தொடவே கூடாது என்கிற மூன்றும் இரும்பின்மேலேயே தெரிய வேண்டும். கீழே எழுதியிருப்பதெல்லாம் அதை மனத்தில் வைத்துத்தான்.

டேப்பைக் கையில் எடுக்கும் முன் டிராயிங்கை முழுதாகப் பாருங்கள். அளவுகள் எல்லாம் எந்த விளிம்பிலிருந்து அல்லது எந்த சென்டர்லைனிலிருந்து கொடுக்கப்பட்டிருக்கின்றன என்று தேடுங்கள். அதுதான் டேட்டம். டிராயிங் செய்தவர் ஓட்டைகளை இடது விளிம்பிலிருந்து கொடுத்திருக்கும்போது நீங்கள் வலது விளிம்பிலிருந்து கழித்துக் கழித்துப் போட்டால், பிளேட்டின் நீளம் 2 மில்லி கூடினாலோ குறைந்தாலோ அந்த வித்தியாசம் அப்படியே ஓட்டைகளின்மேல் வந்து விழும்.

இன்னொன்று, ஒரு ஓட்டையிலிருந்து அடுத்த ஓட்டைக்கு டேப்பை நகர்த்திக்கொண்டே போகாதீர்கள். 150 மில்லி இடைவெளியில் 12 ஓட்டைகள் என்றால் நடுவில் 11 இடைவெளிகள். ஒவ்வொன்றிலும் அரை மில்லி ஒரே பக்கமாகத் தப்பினால் கடைசி ஓட்டை 5.5 மில்லி தள்ளி நிற்கும், போல்ட் போகாது. டேப்பை முதல் புள்ளியில் பிடித்து, நகர்த்தாமல், 150, 300, 450 என்று ஒரே ஓட்டத்தில் போட்டுவிடுங்கள். அரை மில்லி தப்பினாலும் அது அந்த ஓட்டையோடு போய்விடும்.

கடையிலிருந்து வந்த பிளேட்டின் விளிம்பை நம்பி டேட்டம் எடுப்பது பலருக்கும் பழக்கம். எனக்கு அதில் உடன்பாடு இல்லை. மில் விளிம்பு லேசாக வளைந்திருக்கும், கேஸில் வெட்டிய விளிம்பு பல் பல்லாக இருக்கும். உள்ளே ஒரு நேர்கோடு போட்டு, அதற்கு 90 டிகிரியில் இன்னொன்று போட்டு, அந்த இரண்டிலிருந்தும் மற்றதையெல்லாம் அளங்கள். பெரிய பிளேட்டில் 90 டிகிரி வர மூலைமட்டம் போதாது, 3-4-5 முறைதான் சரி: ஒரு கோட்டில் 900, மறு கோட்டில் 1200, குறுக்கே 1500 வந்தால் மூலை நேர். செவ்வகமாக முடித்த பிறகு இரண்டு மூலைவிட்டத்தையும் அளந்து ஒன்றாக இருக்கிறதா என்று பாருங்கள். ஆங்கிள் பாரில் முதுகுப் பக்கத்திலிருந்து அளங்கள், கால் நுனியிலிருந்து வேண்டாம். பீமில் ஃபிளாஞ்ச் (மேல், கீழ்த் தகடு) ஓட்டைகள் என்றால் வெப் (நடுத்தகடு) நடுவிலிருந்து.

மூலைமட்டத்தையே சோதிக்க ஒரு எளிய வழி: நேரான விளிம்பில் வைத்து ஒரு கோடு போடுங்கள், பிறகு மட்டத்தைத் திருப்பி வைத்து அதே புள்ளியிலிருந்து இன்னொரு கோடு. இரண்டும் ஒன்றின்மேல் ஒன்று விழுந்தால் மட்டம் நன்றாக இருக்கிறது. விலகினால், அந்த விலகலில் பாதிதான் மட்டத்தின் உண்மையான பிழை. கீழே விழுந்த மூலைமட்டத்தை இந்தச் சோதனை செய்யாமல் திரும்ப எடுக்காதீர்கள்.

டேப்பின் நுனியில் இருக்கிற கொக்கி ஆடுவதைப் பார்த்துப் பழையதாகிவிட்டது என்று தட்டி இறுக்குகிறவர்கள் இருக்கிறார்கள். அது ஆடத்தான் வேண்டும். வெளியே மாட்டி இழுக்கும்போதும் உள்ளே முட்டி அளக்கும்போதும் கொக்கியின் தடிப்பைச் சரிசெய்வதற்காகத்தான் அந்த ஆட்டம். ஆனாலும் துல்லியமான வேலைக்குக் கொக்கியை நம்பாமல் 100 மில்லி கோட்டிலிருந்து தொடங்குவது நல்லது. இதில் ஒரே ஆபத்து, மறுமுனையில் 100 கூட்ட மறந்தால் துண்டு 100 மில்லி குறைந்து போகும். இரண்டு பேர் டேப் பிடிக்கிறீர்கள் என்றால் "நூறிலிருந்து" என்று வாய்விட்டுச் சொல்லிவிட்டுப் பிடியுங்கள். ஒரு வேலைக்குத் தொடக்கத்திலிருந்து முடிவுவரை ஒரே டேப், இதுவும் முக்கியம்.

இப்போது மேற்பரப்பு. எண்ணெய், துரு, மில் ஸ்கேல் (ஸ்டீலை உருட்டும்போது படிகிற கருப்புப் படலம்) இருந்தால் எந்தக் கோடும் சரியாகத் தெரியாது. மெஷினுக்குப் போகிற பளபளப்பான ஸ்டீல் என்றால் துடைத்துவிட்டு மார்க்கிங் ப்ளூ என்கிற நீலச் சாயம் மெல்லியதாக ஒரு பூச்சு, அவ்வளவுதான். தடிப்பாகப் பூசினால் ஸ்கிரைபர் (கோடு கீறுகிற கூர்முனைக் கருவி) இழுக்கும்போது உரிந்து கோடு அகலமாகிவிடும். ப்ளூ தீர்ந்துவிட்டால் அகலமான பெர்மனென்ட் மார்க்கரைத் தேய்த்தாலும் வேலை நடக்கும். காஸ்டிங் (வார்ப்புத் துண்டு) கரடுமுரடாக இருக்கும், அதற்குச் சுண்ணாம்பு அல்லது வெள்ளை பெயின்ட். பிளேட், பீம் வகையறாவுக்கு ஸ்டீல் சாக் போதும், ஆனால் சாக்கைத் தட்டையாகச் சீவிக்கொள்ளுங்கள், மொட்டை நுனியில் போட்ட கோடு 3 மில்லி அகலம் வரும், அதில் எந்த ஓரம் உங்கள் அளவு என்று உங்களுக்கே தெரியாது.

ஸ்டெயின்லெஸ் என்றால் கவனம். சாதாரண ஸ்டீல் பிரஷ்ஷால் தேய்த்தால் இரும்புத்தூள் ஒட்டிக்கொண்டு பிறகு துருப்புள்ளி வரும். மார்க்கரும் குளோரைடு குறைந்த வகையாக இருக்க வேண்டும், குளோரைடு தங்கினால் சூட்டில் விரிசலுக்கு வழி. அலுமினியத் தகட்டில் வளைக்கிற கோட்டை ஸ்கிரைபரால் கீறாதீர்கள், வளைக்கும்போது கீறல் வழியே பிளந்துவிடும். பென்சிலோ மெல்லிய மார்க்கரோ போதும்.

ஸ்கிரைபரைப் பென்சில் மாதிரி நேராகப் பிடித்தால் நுனி ரூலரின் அடிவிளிம்பைத் தொடாது. கொஞ்சம் வெளியே சாய்த்து, போகிற திசையிலும் சாய்த்து, ஒரே இழுப்பு. சரியாக விழவில்லை என்று அதன்மேலேயே மறுபடி இழுத்தால் இரண்டு கோடாகிவிடும். ப்ளூ பூசி அழித்துவிட்டுப் புதிதாகப் போடுங்கள். சின்ன மெஷின் பார்ட் என்றால் சர்ஃபேஸ் பிளேட்டில் (சமதளமான கிரானைட் பலகை) வைத்து ஹைட் கேஜால் (உயரம் அளந்து கோடு போடுகிற கருவி) போடுவதற்கு ஈடாக எதுவும் இல்லை. அந்தக் கிரானைட் பிளேட்டின்மேல் கோப்பி கப்பை வைக்கிறவர்களுக்குத் தனியாக ஒரு தண்டனை இருக்க வேண்டும்.

கோடு போட்ட பிறகு பஞ்ச், அதாவது சுத்தியலால் தட்டிப் புள்ளிக்குழி வைக்கிற கூர்முனைக் கருவி. முதலில் 60 டிகிரி நுனியுள்ள பிரிக் பஞ்சால் லேசாக ஒரு தட்டு, இடம் சரியா என்று பார்த்த பிறகுதான் 90 டிகிரி சென்டர் பஞ்சால் ஆழமாக. முதல் தட்டு தப்பியிருந்தால் பஞ்சைச் சாய்த்துத் தட்டி இழுத்துக்கொள்ளலாம், ஆழமாகக் குத்திவிட்டால் டிரில் அந்தக் குழிக்குத்தான் போகும். வெட்டுகிற கோட்டின்மேலும் அங்கங்கே பிரிக் பஞ்ச் புள்ளிகள் வையுங்கள். இங்கே மதியம் மழை எப்போது கொட்டும் என்று சொல்ல முடியாது, சாக் கோடு கரைந்தாலும் புள்ளி நிற்கும். வெட்டி முடித்த விளிம்பில் பாதிப் புள்ளி தெரிந்தால் வெட்டியவர் கோட்டைப் பிடித்திருக்கிறார் என்று அர்த்தம்.

ஒரு உதாரணத்தை முழுதாகச் செய்து பார்ப்போம். பைப்பிங் வேலையில் அடிக்கடி வருகிற 4 இஞ்ச், 150 கிளாஸ் (அழுத்த வகை) பிளைண்ட் ஃபிளாஞ்ச், அதாவது பைப்பின் முனையை அடைக்கிற வட்டத் தகடு. வெளிவிட்டம் 229, பிசிடி (ஓட்டைகளின் நடுப்புள்ளிகள் வழியே போகிற வட்டத்தின் விட்டம்) 190.5, 19 மில்லி ஓட்டைகள் 8. முதல் விதி, கேஸ்கெட் (கசிவைத் தடுக்கிற அட்டை) உட்காருகிற முகத்தில் மார்க் செய்யாதீர்கள். அங்கே நடுவிலிருந்து வெளியே ஓடுகிற ஒரு கீறல் இருந்தால் அதுவே லீக்குக்குப் பாதை. பின்பக்கத்தில் போடுங்கள்.

நடுப்புள்ளியைக் கண்டுபிடித்து பிரிக் பஞ்ச் வைத்து, ஒன்றுக்கொன்று 90 டிகிரியில் இரண்டு சென்டர்லைன். டிவைடரை (இரண்டு கூர்முனையுள்ள கவராயம்) 95.25க்குத் திறந்து பிசிடி வட்டம். ரூலரின் தேய்ந்த நுனியிலிருந்து டிவைடரை வைக்காமல் 10 கோட்டிலிருந்து 105.25க்கு வையுங்கள். இனி ஓட்டைகள். பைப் ஃபிளாஞ்சில் ஓட்டை சென்டர்லைன்மேல் வராது, சென்டர்லைனின் இரு பக்கமும் சமமாக நிற்கும். இதை மறந்து முதல் ஓட்டையைக் கோட்டின்மேலேயே போட்டால் எட்டும் 22.5 டிகிரி திரும்பிவிடும். தளர்வான பிளைண்ட் என்றால் திருப்பி மாட்டித் தப்பிக்கலாம், பைப்பில் வெல்ட் செய்கிற ஃபிளாஞ்சில் இதே தப்பு நடந்தால் அதில் மாட்டுகிற வால்வின் ஹேண்டில் சாய்ந்து நிற்கும்.

பக்கத்துப் பக்கத்து ஓட்டைகளுக்கு நடுவில் உள்ள தூரம், பிசிடியை 180/8 டிகிரியின் சைனால் பெருக்கினால் வருவது: 190.5 × 0.3827 = 72.9. அதில் பாதி 36.45. செங்குத்து சென்டர்லைனுக்கு இரு பக்கமும் 36.45 தள்ளி இணைகோடு போட்டால் வட்டத்தை வெட்டும் இடங்களில் நான்கு ஓட்டைகள் கிடைக்கும். கிடைக்கோட்டுக்கும் அதேபோல் செய்தால் மீதி நான்கு. பிறகு டிவைடரை 72.9க்கு வைத்துச் சுற்றி வாருங்கள், எட்டாவது முறை வைக்கும்போது நுனி முதல் புள்ளியில் வந்து விழ வேண்டும். எதிரெதிர் ஓட்டைகளையும் அளங்கள், 190.5 வர வேண்டும். ஒவ்வொரு புள்ளியைச் சுற்றியும் 19 மில்லி வட்டம் ஒன்று போட்டு அதில் நான்கு புள்ளி வைத்துவிட்டால், டிரில் விலகிப் போவது ஆரம்பத்திலேயே தெரிந்துவிடும்.

மற்ற எண்ணிக்கைகளுக்குப் பெருக்க வேண்டியது: 4 ஓட்டைக்கு 0.707, 6க்கு 0.5, 12க்கு 0.259. ஆறு ஓட்டை என்றால் வட்டம் போட்ட டிவைடரை அப்படியே வைத்துச் சுற்றினால் போதும்.

பைப்பையே மார்க் செய்வது இன்னும் எளிது. அதே 4 இஞ்ச் பைப்பின் வெளிவிட்டம் 114.3, சுற்றளவு 359.1, கால்பாகம் 89.8. கேஸ்கெட் ஷீட்டில் நேர்விளிம்புள்ள ஒரு பட்டையை வெட்டிப் பைப்பில் சுற்றி, விளிம்புகள் ஒன்றின்மேல் ஒன்று சரியாகப் படிந்தால் சதுரமான வெட்டுக்கோடு கிடைத்துவிடும்.

வெட்டுகிற இடைவெளியை மறக்காதீர்கள். மெல்லிய கிரைண்டர் டிஸ்க் 1 மில்லி தின்னும், கேஸ் கட்டிங் பிளேட்டின் தடிப்பைப் பொறுத்து 2, 3 மில்லி தின்னும். ஒரே பிளேட்டிலிருந்து பத்துத் துண்டு எடுக்க வேண்டுமென்றால் கோடுகளை ஒட்டி ஒட்டிப் போட முடியாது, இந்த இடைவெளியையும் கூட்டிப் போட வேண்டும். தேவையில்லாத பக்கத்தில் பெரிய பெருக்கல் குறி போடுங்கள், அது எந்த மொழிக்காரருக்கும் புரியும். சென்டர்லைனை யாரும் வெட்டிவிடாதபடி, ஆங்கில சி எழுத்தும் எல் எழுத்தும் பின்னிய குறியை அதன்மேல் போடுங்கள். வளைக்கிற கோட்டுக்கு வேறு நிறம். இடது, வலது என்று கண்ணாடிப் பிம்பமாக வருகிற ஜோடித் துண்டுகளை மேசையில் முதுகுக்கு முதுகு வைத்தே மார்க் செய்யுங்கள், தனித்தனியாகச் செய்தால் இரண்டும் இடதாகப் போய்விடும்.

திறந்த யார்டில் வெயிலில் கிடந்த பிளேட்டைப் பற்றியும் சொல்ல வேண்டும். ஸ்டீல் ஒரு டிகிரிக்கு ஒரு மீட்டரில் ஏறக்குறைய 0.012 மில்லி நீளும். நிழலில் இருக்கும் துண்டைவிட 25 டிகிரி அதிகம் சூடேறிய 6 மீட்டர் பீம் 1.8 மில்லி நீண்டிருக்கும். ஏர்கானிலிருந்து அப்போதுதான் எடுத்து வந்த டேப்பால் அதை அளந்தால், ஆறிய பிறகு துண்டு குறைவாக வரும். பொருந்த வேண்டிய இரண்டு நீளத் துண்டுகளைக் காலையிலோ நிழலிலோ, ஒரே நேரத்தில் மார்க் செய்துவிடுங்கள்.

கப்பல் பட்டறை வேலையிலும் பிரஷர் வெசல் வேலையிலும் ஹீட் நம்பர் என்று ஒன்று உண்டு, அந்த ஸ்டீல் எந்த உருக்கலில் வந்தது என்று காட்டுகிற எண், பிளேட்டின் ஒரு மூலையில் அடித்திருக்கும். வெட்டுவதற்கு முன்பே அந்த எண்ணை ஒவ்வொரு துண்டுக்கும் மாற்றி எழுதிவிடுங்கள், வெட்டிய பிறகு எந்தத் துண்டு எந்தப் பிளேட் என்று நிரூபிக்க வழியே இல்லை, இன்ஸ்பெக்டர் நல்ல துண்டையும் ஒதுக்கிவிடுவார்.

கடைசியாக, மார்க்கிங் முடிந்ததும் இன்னொருத்தரைக் கூப்பிட்டு, நீங்கள் அளந்த முனைக்கு எதிர்முனையிலிருந்து, உங்கள் எண்களைச் சொல்லாமல், டிராயிங்கை மட்டும் கொடுத்து அளக்கச் சொல்லுங்கள். எண்ணை முதலிலேயே சொல்லிவிட்டால் அவர் கண்ணுக்கும் அதே எண்தான் தெரியும். கேமரா அனுமதி உள்ள இடம் என்றால் ஒரு படம் எடுத்து ஷிஃப்ட் வாட்ஸ்அப் குழுவில் போட்டுவிடலாம். அனுமதி இல்லாத யார்டில் டிராயிங் நகலிலேயே சிவப்புப் பேனாவால் வெட்டுகோட்டையும் பெருக்கல் குறியையும் போட்டு, பிளாஸ்டிக் உறையில் வைத்துப் பிளேட்டின்மேல் காந்தத்தால் ஒட்டிவிட்டுப் போங்கள்.