தொங்கும் கேஸ் ஹீட்டர்: எந்தக் காற்றில் எரிகிறது?
பிரிட்டனில் கிடங்கோ பட்டறையோ நடத்துபவர்கள், கூரையிலிருந்து தொங்கும் கேஸ் ஹீட்டர் வாங்கும்போது கிலோவாட் கணக்கை மட்டும் பார்த்தால் போதாது. எரிவதற்கு அது எந்தக் காற்றை இழுக்கிறது என்று கேளுங்கள். உள்ளே மரத்தூள் பறந்தால் பர்னர் அடைத்துக்கொள்ளும். எண்ணெய்ப் பிசுக்கு கழுவும் குளோரின் கரைப்பான் இருந்தால் அதன் ஆவி தீயில் அமிலமாகி, சூடேற்றும் தகட்டையே அரிக்கும். அப்புறம் ஓட்டை வழியே புகை நாம் சுவாசிக்கும் காற்றில் கலக்கக்கூடும். இப்படிப்பட்ட இடத்துக்கு வெளிக்காற்றைக் குழாய் வழியாக எடுக்கும் மாடல்தான் சரி. விலை கொஞ்சம் கூடத்தான்.

ரொம்ப உயரத்தில் மாட்டினால் சூடு மேலேயே தங்கும். கீழே தள்ள ஒரு மின்விசிறி வேண்டும்.

பொருத்துபவரின் கேஸ் சேஃப் (Gas Safe) அட்டையை, அதாவது பிரிட்டனில் கேஸ் வேலை செய்யப் பதிவு பெற்றவர் என்பதைக் காட்டும் அட்டையை, திருப்பிப் பாருங்கள். அவருக்கு எந்தெந்த வேலைக்குத் தகுதி உண்டு என்று பின்பக்கத்தில் இருக்கும். வீட்டு பாய்லருக்கான தகுதி இதற்குச் செல்லாது.