இன்றைய நற்செய்தியை ராத்திரி வரை கூடவே வைத்திருப்பது எப்படி

காலையில் போனைத் திறந்தால் அன்றைய திருப்பலியில் படிக்கும் பைபிள் வாசகத்துக்கு மூன்று நாலு சிந்தனைகள் வந்து நிற்கின்றன. அன்பியம் (பங்கில் அக்கம்பக்கத்துக் குடும்பங்கள் சேர்ந்த குழு) குரூப்பில் ஒன்று, பாடகர் குழுவில் ஒன்று, ஊரிலிருந்து சித்தி அனுப்பும் ஆடியோ ஒன்று. எல்லாம் நல்லவைதான், ஆனால் அவற்றை முதலில் கேட்காதீர்கள். கேட்டுவிட்டுப் பிறகு பைபிளைத் திறந்தால் அவர்கள் சொன்னதுதான் கண்ணில் படும், ஆண்டவர் உங்களிடம் சொல்ல வந்தது நழுவிப் போய்விடும். வாசகத்தை முதலில் நீங்களே படியுங்கள், சிந்தனைகளை மத்தியானம் சாப்பாட்டு நேரத்தில் கேட்டுக்கொள்ளலாம்.

கோவிலில் வாங்கிய நாள்காட்டியில் தேதிக்குக் கீழே வாசகக் குறிப்பு இருக்கும். பத்து நிமிடம் போதும். திருவொற்றியூரில் ரயில் ஏறி பீச் ஸ்டேஷன் போகிறவர்களுக்கு ராயபுரம் வருவதற்குள் இரண்டு முறை படித்துவிடலாம். இரண்டாவது முறை உதடு அசையப் படியுங்கள், கண் தாண்டிப் போன வார்த்தை அப்போதுதான் பிடிபடும்.

ஒரு விஷயம் தெரிந்தால் பாதிக் குழப்பம் தீரும். பொதுக்காலம் என்பது கிறிஸ்துமஸ், ஈஸ்டர் காலங்களும் அவற்றுக்கான தயாரிப்புக் காலங்களும் போக மீதி வாரங்கள்; அதன் வார நாள்களில் முதல் வாசகமும் நற்செய்தியும் தனித்தனியாகப் போகின்றன. முதல் வாசகம் 2 ஆண்டுச் சுற்று, ஒற்றைப்படை ஆண்டுக்கு ஒரு வரிசை, இரட்டைப்படை ஆண்டுக்கு வேறு வரிசை. நற்செய்தி மட்டும் ஆண்டுதோறும் அதேதான்: 9ஆம் வாரம் வரை மாற்கு, 10 முதல் 21 வரை மத்தேயு, 22 முதல் 34 வரை லூக்கா. அதனால் இரண்டுக்கும் முடிச்சுப் போடப் பார்த்து, ஒன்றும் ஓடாமல், ‘நமக்கு பைபிள் புரியாது’ என்று மூடி வைத்துவிட வேண்டாம். ஞாயிற்றுக்கிழமைகளில்தான் முதல் வாசகத்தை நற்செய்திக்குப் பொருத்தமாக எடுத்திருப்பார்கள், கிறிஸ்துமஸுக்கு முந்தைய திருவருகைக் காலத்திலும் ஈஸ்டருக்கு முந்தைய தவக்காலத்திலும் வார நாள்களிலும் அந்தப் பொருத்தத்தைப் பார்க்கலாம். நேரமே இல்லாத நாளில் முதல் வாசகத்துக்குப் பின் வரும் பதிலுரைப் பாடலின் பல்லவி ஒரு வரியாவது மனதில் இருக்கட்டும்.

சரி, படித்தாயிற்று, அப்புறம்? உங்கள் தொழிலோடு, உங்கள் தெருவோடு அந்தப் பகுதிக்குள் போங்கள். செப்டம்பர் முதல் வாரத்து வியாழன் லூக்கா 5:1-11 வரும், பேதுருவின் படகும் மீன்பாடும். காசிமேட்டில் வளர்ந்தவர்களுக்கு இதில் பிரசங்கத்தில் வராத ஒன்று உடனே தெரியும். இயேசு வந்தபோது அவர்கள் வலையை அலசிக்கொண்டிருந்தார்கள். வலையை அலசுகிறோம் என்றால் அன்றைய தொழில் முடிந்தது, இனி வீட்டுக்குப் போய்த் தூங்க வேண்டியதுதான். அந்த நேரத்தில் தச்சர் ஒருவர் வந்து, விடிந்த பிறகு, ஆழத்துக்குப் போ என்கிறார். போனால் அலசிய வலை மறுபடியும் அழுக்காகும், ஒன்றும் கிடைக்காவிட்டால் திரும்பவும் முதலிலிருந்து அலச வேண்டும். ராத்திரி முழுக்கப் பாடுபட்டு வெறும் படகோடு கரை சேர்ந்தவனுக்கு அந்த வார்த்தை எவ்வளவு கனமாக இருந்திருக்கும் என்பது மீன்பிடித் துறைமுகத்து ஆள்களுக்குத்தான் தெரியும். பேதுரு போனார். அந்த விசுவாசத்தை உடம்பு வலியோடு சேர்த்துப் படித்த நாளை என்னால் மறக்க முடியவில்லை. நீங்கள் தையல் வேலையா, ஆட்டோவா, நர்ஸா, அந்தக் கண்ணோடு படியுங்கள், கூச்சமே வேண்டாம்.

படித்ததிலிருந்து ஒரே ஒரு வார்த்தையை எடுத்து, அதை ஒரே ஒரு ஆளோடு சேர்த்து வையுங்கள். ‘இன்று அன்பாக இருப்பேன்’ என்பது பத்து மணிக்கே மறந்துவிடும். யாரிடம், எப்போது, என்ன செய்யப் போகிறேன் என்பது வரை வர வேண்டும். ராத்திரி படுக்கும் முன் அன்றைய நாளைத் திரும்பிப் பார்க்கும் ஆன்ம சோதனையில் அதை மட்டும் கேளுங்கள், செய்தேனா இல்லையா.

எனக்கு நடந்ததைச் சொல்கிறேன். தவக்காலத்து முதல் வாரத்து வெள்ளி, மத்தேயு 5:20-26. காணிக்கை செலுத்த வரும்போது உன் சகோதரனுக்கு உன்மேல் மனத்தாங்கல் உண்டென்று நினைவு வந்தால், காணிக்கையை அங்கேயே வைத்துவிட்டு முதலில் போய்ச் சமாதானமாகு என்கிறார். எனக்கு அவர்மேல் கோபமா என்று இந்த வரியில் இயேசு கேட்கவே இல்லை, அவருக்கு என்மேல் இருக்கிறதா என்றுதான் கேட்கிறார். நான் அதுவரை இதைத் தலைகீழாகவே படித்திருந்தேன். மேல்வீட்டு அக்காவின் முகம்தான் வந்தது. தண்ணி லாரி வந்தபோது குடம் வைக்கும் வரிசையில் சண்டை, மூன்று வாரமாகப் பேச்சில்லை. அன்று காலை பேசவில்லை, சாயங்காலம் கோவிலில் சிலுவைப்பாதை வழிபாட்டுக்குப் போய் வந்தும் பேசவில்லை. ராத்திரி செய்தேனா என்று கேட்டால் இல்லை என்றுதான் பதில் வந்தது. அடுத்த முறை லாரி வந்தபோது அவர் குடம் இரண்டையும் நானே பிடித்து மாடிப்படியில் வைத்து, “அக்கா, தண்ணி பிடிச்சாச்சு” என்று மட்டும் கூப்பிட்டேன். அவர் ஒன்றும் சொல்லாமல் எடுத்துக்கொண்டு போனார். அதற்கடுத்த லாரிக்கும் பிடித்து வைத்தேன். அன்றைக்கு, “மழை வர மாதிரி இருக்கு, கொடியில உன் துணி இருக்கு பார்” என்றார்.