எதுவா இருந்தாலும் 24-ஆல வகுங்க: கார் மாடல் கட்டுறவங்க பண்ற தப்புங்க

ஆம்பூர்ல சொந்தக்காரங்க வீட்டுக்குப் போனப்ப, ஷூ தைக்கறதுக்கு வெட்டினது போக மிச்சமான தோல் துண்டு ஒரு கவர் நிறைய எடுத்துக்கினு வந்தேன். 1/24 காருக்கு, அதாவது நிஜக் காரை 24-ல ஒரு பங்கா சுருக்கின மாடல் காருக்கு, நிஜத் தோல்லயே சீட் போடப் போறோம்னு அவ்ளோ குஷி. ராத்திரி ரெண்டு மணி வரைக்கும் உக்காந்து வெட்டி ஒட்டிட்டு காலைல எழுந்து பார்த்தா சீட்டு மாதிரியே இல்ல, காருக்குள்ள யாரோ மெத்தையைச் சுருட்டி திணிச்ச மாதிரி கீது. அப்பதான் கணக்கு போட்டேன். தோல் 1 மில்லிமீட்டர், 24-ஆல பெருக்குனா 2.4 சென்டிமீட்டர். எந்த ஊர் கார்ல அவ்ளோ தடியா தோல் போட்டு சீட் தைக்கறாங்க? தோல்ல இருந்த சின்னச் சின்ன குழி எல்லாம் அந்த ஸ்கேல்ல கோலிகுண்டு சைஸ். சாதா பிளாஸ்டிக் சீட்டுக்கு பளபளப்பு கம்மியான பெயிண்ட் அடிச்சிருந்தா அதைவிட தோல் மாதிரி இருந்திருக்கும்.

மாடல்ல சின்னச் சின்ன நுணுக்கம் சேர்க்கற டீடெய்லிங்ல பாதி தப்பு இந்த ஒரு கணக்கை மறக்கறதுலதான் வருது. நம்ம அம்பாசடர் சுமார் 4.3 மீட்டர் நீளம், 1/24-ல அது 18 சென்டிமீட்டர், அதாவது ஒரு ஜாண் கூட இல்ல. அதுக்குள்ள எதைக் கொண்டுபோய் வெச்சாலும் முதல்ல நிஜ அளவைக் கண்டுபிடிச்சு 24-ஆல வகுங்க. இன்ஜின்ல ஸ்பார்க் பிளக் ஒயர் போடறவங்க செல்போன் சார்ஜர் ஒயரை அப்படியே உறையோட வெட்டிப் போட்டு, தோட்டத்து ஹோஸ் பைப் மாதிரி பண்ணி வெச்சிருப்பாங்க. நிஜ ஒயர் 7, 8 மில்லிமீட்டர், வகுத்தா 0.3 பக்கம் வருது, அதுக்கு டெய்லர் கடை நூலே போதும், பிசிறு நிக்காம இருக்க ஃபெவிகால் தண்ணில ஒரு தடவை உருவிட்டா சரி. நம்பர் பிளேட்டும் அப்படித்தான், வேலூர் நம்பர் TN 23 போடணும்னு நம்ம ஊர்க்காரனுக்கு ஆசை இருக்கும்தான், எனக்கும் இருக்கு, ஆனா கண்ணுக்கு அழகா தெரியணும்னு பெரிசா பிரிண்ட் எடுத்து ஒட்டினா பம்பரையே மறைச்சிடும். நீட்டு பிளேட் 500-க்கு 120 மில்லிமீட்டர், வகுத்தா 21-க்கு 5 மில்லிமீட்டர், அவ்ளோதான். சொந்த வண்டின்னா வெள்ளை, டாக்ஸின்னா மஞ்சள். இன்னொண்ணு, TN 23 போட்டுட்டு ஸ்டியரிங்கை இடது பக்கம் வெச்சிடாதீங்க, சில கிட்ல, அதாவது நாமளே ஒட்டிக் கட்டற மாதிரி பார்ட் பார்ட்டா பெட்டில வர்ற மாடல்ல, ரெண்டு பக்கத்துக்கும் டேஷ்போர்டு குடுத்திருப்பான், எது வேணும்னு ஒட்டறதுக்கு முன்னாடியே பார்த்துக்கணும்.

பெயிண்டுக்கும் இதே கணக்குதான். நிஜக் கார்ல அடில அடிக்கற பிரைமர்லேர்ந்து மேல அடிக்கற நிறமில்லாத கிளியர் வரைக்கும் எல்லாம் சேர்த்தே பத்துல ஒரு பங்கு மில்லிமீட்டர் பக்கம்தான் இருக்கும். அதை 24-ஆல வகுத்தா வர்ற தடிமன்ல நம்மால அடிக்கவே முடியாது, அதனாலதான் எவ்ளோ மெலிசா முடியுமோ அவ்ளோ மெலிசா அடிக்கணும்னு சொல்றது. தடியா அடிச்சா கதவு இடுக்கு, பானட் கோடு எல்லாம் மூடி, கார் ஒரே கட்டி சோப்பு மாதிரி ஆயிடும். பிரைமர் அடிக்கறதுக்கு முன்னாடியே அந்தக் கோடுங்களைக் கத்தியோட முதுகுப் பக்கத்தால மெதுவா ரெண்டு மூணு தடவை இழுத்து ஆழமாக்கிக்கோங்க. டிங்கரிங் கடைல மிச்சமிருக்கற மெட்டாலிக் பெயிண்டை வாங்கிட்டு வந்து அடிக்கறதும் சரி வராது, நிஜக் காருக்கு மினுமினுப்பா தெரியற அந்தத் துகள் குட்டிக் கார் மேல உக்காந்தா கல்யாண ஜிகினா.

வகுக்க முடியாதது ஒண்ணு இருக்கு, நம்ம ஊர் வெயில். கிட் பெட்டில இருக்கற குறிப்பு, வீடியோ எல்லாம் குளிர் ஊர்க்காரன் சொல்றது, ஸ்ப்ரே கேனை வெதுவெதுப்பான தண்ணில வெச்சிட்டு அடின்னுவான். கத்திரி வெயில்ல வேலூர்ல அதைச் செய்யாதீங்க சாமி, கேன் ஏற்கெனவே சூடாத்தான் இருக்கும், 50 டிகிரிக்கு மேல வெக்காதேன்னு கேன் மேலயே போட்டிருக்கும். மத்தியானம் மொட்டை மாடில நின்னு அடிச்சா பெயிண்ட் வண்டி மேல விழறதுக்குள்ள காத்துலயே காஞ்சு பவுடரா போய் உக்காரும், தொட்டா உப்புத்தாள் மாதிரி சொரசொரன்னு இருக்கும். நான் மே மாசத்துல காலைல ஆறு மணிக்கு அடிச்சு முடிச்சிடுவேன், கேனை கொஞ்சம் கிட்டக்க, 20 சென்டிமீட்டர் பக்கம் புடிப்பேன், காத்தழுத்தத்துல பெயிண்டைத் தூவற ஏர்பிரஷ்னா மெதுவா காயற ரிட்டார்டர் தின்னர் கொஞ்சம் கலந்துக்குவேன். ஃபேனை நிறுத்திட்டு, தரைல தண்ணி தெளிச்சிட்டு அடிச்சா தூசி அடங்கும். அடிச்ச உடனே மேல ஒரு டப்பாவைக் கவுத்துடுங்க, இல்லன்னா கொசு வந்து உக்காந்து கையெழுத்து போட்டுட்டுப் போயிடும்.

சீக்கிரம் காயட்டும்னு ஒரு தடவை கருப்பு அடிச்ச பாடியை மாடில வெயில்லயே வெச்சிட்டு சாப்பிடப் போனேன். வந்து பார்த்தா கூரை நடுவுல பள்ளம். கிட்ல வர்ற பிளாஸ்டிக் பாலிஸ்டைரீன், சூட்டுல வளைஞ்சிடும், அதுலயும் கண்ணாடி ஓரத்துல இருக்கற மெல்லிசு தூணுங்க முதல்ல கோணும். சிமெண்ட் ஷீட் ரூம்ல ஷோகேஸ் வெக்கறவங்களுக்கும், நிறுத்துன வண்டில கிட்டை வெச்சிட்டுப் போறவங்களுக்கும் இதேதான் கதி.

ஐப்பசி கார்த்திகைல இதுக்கு நேர் எதிர். மழை நாள்ல லாக்கர், அதாவது தின்னர் பறந்து சீக்கிரம் காயற பெயிண்ட், அடிச்சா தின்னர் வேகமா பறக்கறப்ப மேல்பாகம் குளுந்து போய் காத்துல இருக்கற ஈரம் அதுல படியும், பளிச்சுனு அடிச்ச கருப்பு பால் கலந்த மாதிரி வெளுத்துடும். பதறிப்போய் மேலயே இன்னொரு கோட் அடிக்காதீங்க, வெயில் வர்ற நாளுக்குக் காத்திருந்து ரிட்டார்டர் தின்னரை மட்டும் லேசா தூவினா பெரும்பாலும் பழைய நிறம் வந்துடும்.

எல்லாத்தையும் விட நம்ம ஊர்ல அதிகமா நடக்கறது ஹார்டுவேர் கடை என்.சி. தின்னர். விலை கம்மி, பாட்டில் பெரிசு. அதைக் கலந்து நேரா பிளாஸ்டிக் மேல அடிச்சா மேல்பாகம் பாலாறு காஞ்ச மாதிரி வெடிச்சு வெடிச்சு நிக்கும். எங்க தெருவுல டிங்கரிங் பெயிண்டிங் பண்ற அண்ணன் கிட்ட கொண்டுபோய்க் காட்டினேன், “இன்னா தம்பி, தகரத்துக்கு ஊத்தறத பிளாஸ்டிக்குக்கு ஊத்தி வெச்சிருக்க”ன்னு சிரிச்சிட்டாரு. ஆனா அவர்கிட்டதான் உருப்படியானது கத்துக்கினேன், பட்டி தேய்ச்சதைக் கண்ணால பார்க்காதே, கண்ணை மூடிக்கினு விரலால தடவுன்னாரு. பாடி மேல மட்கார்டு பக்கமா ஓடற மெல்லிசு அச்சுக் கோடு, பிளாஸ்டிக்கை அச்சுல வார்த்தப்ப விழுந்தது, இருக்கே, பாதிப் பேர் அதைத் தேய்க்காமலே பெயிண்ட் அடிச்சிடறாங்க, நிஜக் கார்ல அப்படி ஒரு கோடே கிடையாது. 600 நம்பர் வாட்டர் பேப்பர் போட்டுத் தேய்ச்சு 1000-ல முடிச்சா போதும், பேப்பரைத் தண்ணில நனைச்சே தேய்க்கணும்.

அவர் அடிக்கற ஹார்டனர் கலந்த கிளியரைக் கேட்டு வாங்கிட்டு வந்து வீட்டு ரூம்ல அடிக்கறவங்களும் கீறாங்க. பளபளப்பு அள்ளும், ஒத்துக்கறேன். ஆனா அந்த ஹார்டனர்ல ஐசோசயனேட் இருக்கு, நுரையீரலைக் கெடுக்கும், கர்ச்சீப் கட்டினாலும் துணி மாஸ்க் போட்டாலும் அது நிக்காது. புள்ளைங்க இருக்கற வீட்ல வேணவே வேணாம்.

பெயிண்ட் மேல பெயிண்ட் போடறதுல முறை இருக்கு. மெதுவா காயற எனாமல் பெயிண்ட் மேல லாக்கர் அடிச்சா கீழ இருக்கறது சுருங்கி எழும்பிடும், லாக்கர் மேல எனாமல் போடலாம். சிவப்பு பிளாஸ்டிக்ல வந்த கிட்டுக்கு நேரா வெள்ளை அடிச்சா ரெண்டு நாள்ல ரோஸ் கலர் கசியும், முதல்ல சில்வர் ஒரு கோட் போட்டு அடைக்கணும். காஞ்சுதான்னு தெரியலன்னா மோந்து பாருங்க, வாசனை வந்தா இன்னும் காயல. இதெல்லாத்துக்கும் முன்னாடி பார்ட்டுங்களை அதுங்க மாட்டிக்கினு வர்ற பிளாஸ்டிக் சட்டத்தோட சோப்புத் தண்ணில கழுவணும், அச்சுலேர்ந்து வர்றப்ப ஒட்டியிருக்கற எண்ணெய் போகாம பெயிண்ட் புடிக்காது.

பசைல ரெண்டே விஷயம். சூப்பர் க்ளூவைக் கண்ணாடிக்கு கிட்டயே கொண்டுபோகாதீங்க, அதோட ஆவி பட்டாலே வெள்ளையா பூத்துடும், கண்ணாடிக்கும் ஹெட்லைட்டுக்கும் ஃபெவிகால்தான், காஞ்சா தெரியாது. மெல்லிசு சிமெண்டை, அதாவது பிளாஸ்டிக்கைக் கரைச்சு ஒட்டற தண்ணி மாதிரி மாடல் பசையை, இடுக்குல பிரஷ்ஷால தொட்டா தானா உள்ள ஓடிடும், அந்த நேரம் இடுக்கு மேல விரல் இருந்தா ரேகை பதிஞ்சிடும். க்ரோம் பூசின பார்ட்டுக்கு ஒட்டற இடத்துல மட்டும் க்ரோமைச் சுரண்டுங்க, சிமெண்ட் பிளாஸ்டிக்கைத்தான் கரைக்கும், க்ரோமை இல்ல.

தண்ணில நனைச்சு ஒட்டற ஸ்டிக்கரான டிகால் ஒட்டறப்ப நம்ம போர் தண்ணியை ஊத்தாதீங்க. கஷ்டப்பட்டு ரேஸ் கார் ஸ்டிக்கர் பூரா ஒட்டிட்டு காஞ்சப்புறம் பார்த்தேன், ஒவ்வொண்ணையும் சுத்தி வெள்ளையா உப்பு பூத்துக் கிடந்தது, வாளில படியற அதே உப்பு. பெட்ரோல் பங்க்ல விக்கற உப்பில்லாத பேட்டரி தண்ணி (டிஸ்டில்ட் வாட்டர்) ஒரு பாட்டில் வாங்குங்க, வருஷத்துக்கு வரும். பளபளப்பில்லாத பெயிண்ட் மேல டிகால் ஒட்டினா அடில காத்து நின்னு வெள்ளி மாதிரி மின்னும், அதனால முதல்ல பளபளப்பான கிளாஸ் கோட், அப்புறம் டிகால்.

மண்ணு, அழுக்கு பண்றவங்களுக்கு ஒண்ணு சொல்லணும். வண்டி பூரா செம்மண் பவுடரைத் தூவிட்டு இது காட்பாடி ரோட்ல ஓடின வண்டின்னா யாரும் நம்ப மாட்டாங்க. பஸ் ஸ்டாண்ட்ல ஒரு அரை மணி நேரம் நின்னு பாருங்க, அழுக்கு டயருக்குப் பின்னாடிதான் அதிகம், வைப்பர் துடைச்ச இடம் மட்டும் வளைவா சுத்தமா இருக்கும், கைப்புடி சுத்தி கை பட்டுப் பட்டு வேற மாதிரி இருக்கும்.

மழுங்கின பிளேடோட வேலை செய்யறதுதான் கைய வெட்டிக்கறதுக்கு நேர்வழி, அழுத்தி அழுத்தி வெட்டுவோம், வழுக்கிடும். அந்த ஆம்பூர் தோல் துண்டுல பெரிசா ஒண்ணை எடுத்து ஒரு பலகைல ஒட்டி, மேல ரப்பிங் காம்பௌண்ட் கொஞ்சம் தடவி வெச்சிருக்கேன், பார்பர் கடைல கத்தி தீட்டுவாங்களே அந்த மாதிரி பத்து இழுப்பு இழுத்தா பிளேடு திரும்பவும் வெட்ட ஆரம்பிச்சிடுது. மிச்சத் துண்டு இன்னும் அரைக் கவர் இருக்கு.