பங்க்கில் 2,000, ஸ்டேட்மென்ட்டில் 2,020: எரிபொருள் பதிவுகளைச் சரிபார்க்கும் முறை

ராயக்கோட்டையிலிருந்து பெங்களூருக்குத் தக்காளி ஏற்றிச் செல்லும் எங்கள் அண்ணனுடைய இரண்டு சரக்கு வண்டிகளுக்கும் கணக்கு எழுதுவது என் பொறுப்பு. டீசலைக் கிரெடிட் கார்டில் போடத் தொடங்கிய முதல் மாதம், நான் நோட்டில் எழுதி வைத்திருந்த தொகைகளும் வங்கி அனுப்பிய ஸ்டேட்மென்ட்டில் இருந்த தொகைகளும் ஓர் இடத்தில்கூட ஒத்துப்போகவில்லை. 2,000 ரூபாய்க்குப் போட்ட டீசல் 2,020 என்று நின்றது. மெஷினில் கூட்டி அடித்திருக்கிறார்கள் என்று முடிவுகட்டிக்கொண்டு, காரிமங்கலத்துக்கு அருகே நாங்கள் வழக்கமாக டீசல் போடும் பங்க்குக்குச் சென்று சற்றுக் கோபமாகவே கேட்டேன். அங்கிருந்த பையன் பதில் பேசாமல் உள்ளே போய், தங்களிடம் இருந்த ஸ்லிப் நகலைத் தேடி எடுத்து வந்து நீட்டினான். அதில் 2,000 என்றுதான் இருந்தது. அந்த இருபது ரூபாயைச் சேர்த்தது பங்க் அல்ல, கார்டு கொடுத்த வங்கி என்பதைப் புரிந்துகொள்ள எனக்கு மேலும் இரண்டு மாத ஸ்டேட்மென்ட்டுகள் தேவைப்பட்டன. அந்த இரண்டு மாதத்தை நீங்கள் செலவிட வேண்டியதில்லை என்பதற்காக இதை எழுதுகிறேன்.

படி 1: ஸ்லிப்பையும் ஸ்டேட்மென்ட்டையும் எடுத்து வைத்தல்

கைபேசிக்கு வரும் குறுஞ்செய்தியை வைத்துக் கணக்குப் பார்க்க வேண்டாம். ஸ்வைப் செய்த நேரத்தில் அனுமதிக்கப்பட்ட தொகையைத்தான் அது சொல்லும். பிறகு சேர்பவற்றையும் கழிபவற்றையும் சொல்லாது. வங்கியின் இணையதளத்திலிருந்து அந்த மாதத்து பிடிஎஃப் ஸ்டேட்மென்ட்டை இறக்கிக்கொள்ளுங்கள். ஸ்வைப் மெஷின் ஸ்லிப் வெப்பத்தாளில் அச்சாகிறது. வண்டியின் டேஷ்போர்டில் இரண்டு வாரம் வெயிலில் கிடந்தால் வெள்ளைத்தாளாகிவிடும். ஆகவே ஓட்டுநர் பங்க்கை விட்டு வெளியேறும் முன்பே அதைப் படம் எடுத்து அனுப்பிவிட வேண்டும் என்பது எங்கள் வீட்டில் இப்போது சட்டம்.

ஸ்டேட்மென்ட்டைப் படித்துத் தானாகவே செலவுகளைப் பிரித்துத் தருவதாகச் சொல்லும் செயலிகளை நான் பயன்படுத்துவதில்லை. மின்னஞ்சலையும் குறுஞ்செய்திகளையும் முழுவதுமாகத் திறந்துவிடச் சொல்லும் எதுவும், மாதம் பத்துப் பதினைந்து பதிவுகளைச் சரிபார்ப்பதற்கு அவசியமானது அல்ல. கணக்கு அட்டவணை போடும் மென்பொருளான லிப்ரே ஆஃபீஸ் கால்க் இலவசமாகக் கிடைக்கிறது. அது வேண்டாமென்றால் கோடு போட்ட நோட்டு ஒன்று போதும்.

படி 2: பெயரை அடையாளம் காணுதல்

பங்க்கின் பெயர்ப்பலகையில் இந்தியன் ஆயில், பாரத் பெட்ரோலியம், இந்துஸ்தான் பெட்ரோலியம் என்று இருந்தாலும், ஸ்டேட்மென்ட்டில் பெரும்பாலும் அந்த டீலருடைய நிறுவனப் பெயர்தான் வரும். கார்டு பரிவர்த்தனைச் செய்தியில் கடையின் பெயர், ஊர், நாடு மூன்றுக்கும் சேர்த்து 40 எழுத்துகளுக்கே இடம் உண்டு. நீளமான பெயர் நடுவில் அறுந்து, பார்ப்பவருக்கு யாரோ முன்பின் தெரியாத ஆளுக்குப் பணம் போனதுபோலத் தோன்றும். ஸ்லிப்பின் தலைப்பில் உள்ள பெயரோடு ஒப்பிட்டால் சந்தேகம் தீரும். ஊர்ப்பெயரை நான் நம்புவதில்லை. எங்கள் ஸ்டேட்மென்ட்டில் ஓசூரில் போட்ட டீசல் வேறோர் ஊரின் பெயரோடு வந்திருக்கிறது.

சுங்கச்சாவடிப் பணத்தை இதில் கலந்துவிடாதீர்கள். கிருஷ்ணகிரிச் சாவடியையோ தொப்பூருக்கு முன்னால் உள்ள பாளையம் சாவடியையோ கடந்த அதே நாளில் ஃபாஸ்டேக் கணக்கில் தானாகப் பணம் நிரம்பியிருந்தால், அதுவும் ஐநூறு, ஆயிரம் என்ற முழுத்தொகையாக நின்று, டீசல்போலவே கண்ணை ஏமாற்றும்.

படி 3: தேதி

ஸ்வைப் செய்த தேதி ஒன்று, வங்கி கணக்கில் ஏற்றிய தேதி மற்றொன்று. இரண்டுக்கும் இடையே ஓரிரு நாட்கள் இருக்கலாம். இந்தப் படியில் கவனிக்க வேண்டியது இவ்வளவுதான்.

படி 4: சர்சார்ஜைக் கணக்கிடுதல்

நான் தடுக்கி விழுந்த இடம் இது, பொறுமையாகப் படியுங்கள்.

பெட்ரோல் பங்க்குகளில் கிரெடிட் கார்டைப் பயன்படுத்தினால், பெரும்பாலான வங்கிகள் எரிபொருள் சர்சார்ஜ் என்று தொகையில் 1 விழுக்காட்டைக் கூடுதலாக எடுக்கின்றன. அந்த 1 விழுக்காட்டின் மீது 18 விழுக்காடு ஜிஎஸ்டியும் உண்டு. 2,000 ரூபாய் டீசலுக்கு சர்சார்ஜ் 20 ரூபாய், அதன் மீதான வரி 3.60, ஆகமொத்தம் 2,023.60. ஸ்லிப்பில் இதற்கான தடயம் எதுவும் இருக்காது, ஏனென்றால் இது மெஷினில் அடித்த பிறகு நடப்பது.

இதை வங்கிகள் ஒரே மாதிரி எழுதுவதில்லை என்பதுதான் சிக்கல். எங்களிடம் உள்ள ஒரு கார்டில் டீசல் 2,020 என்று சர்சார்ஜோடு சேர்ந்தே நிற்கும். வரி மட்டும் வேறோர் இடத்தில் ஐஜிஎஸ்டி (மாநிலங்களுக்கிடையிலான ஜிஎஸ்டி) 3.60 என்று தனியாக வரும். மற்றொரு கார்டில் டீசல் 2,000, சர்சார்ஜ் 20, வரி 3.60 என மூன்று பதிவுகளாக வரும். வரி சில ஸ்டேட்மென்ட்டுகளில் சிஜிஎஸ்டி (மத்திய ஜிஎஸ்டி), எஸ்ஜிஎஸ்டி (மாநில ஜிஎஸ்டி) என்று சரிபாதியாகப் பிரிந்து, 1.80 வீதம் இரு முறை நிற்கவும் கூடும். ஆகவே ஸ்லிப் தொகையை மட்டும் வைத்துத் தேடாதீர்கள். ஸ்லிப் தொகையை எடுத்து, அதை 1.01 ஆல் பெருக்கி, அந்த எண் ஸ்டேட்மென்ட்டில் இருக்கிறதா என்று முதலில் பாருங்கள். இல்லையென்றால் ஸ்லிப் தொகையையே தேடி, அதன் நூற்றில் ஒரு பங்கு தனியாக எங்கே நிற்கிறது என்று பாருங்கள்.

அந்த ஐஜிஎஸ்டி என்னை வேறொரு பாதையிலும் இழுத்துச் சென்றது. பங்க்கில் டீசலுக்கு ஜிஎஸ்டி வாங்கியிருக்கிறார்கள் என்று எண்ணி, பில்லில் அதைத் தேடினேன். பெட்ரோலும் டீசலும் ஜிஎஸ்டிக்குள் வரவில்லை. தமிழ்நாட்டில் அவற்றுக்கு மதிப்புக் கூட்டு வரிதான், அது லிட்டர் விலைக்குள்ளேயே அடங்கிவிடுகிறது. ஸ்டேட்மென்ட்டில் தெரியும் ஜிஎஸ்டி, வங்கி எடுத்த கட்டணத்துக்கான வரியே தவிர எரிபொருளுக்கான வரி அன்று. பங்க்கிலேயே வாங்கிய இன்ஜின் ஆயிலுக்கு ஜிஎஸ்டி உண்டு. ஆனால் அது கடை பில்லில் இருக்கும். ஆயிலுக்கான பணத்தையும் டீசலுக்குத் தேய்க்கும் ஸ்வைப் மெஷினிலேயே அடித்தால் அதற்கும் சர்சார்ஜ் விழும் என்பதையும் நினைவில் வையுங்கள். கடை எந்த வகையைச் சேர்ந்தது என்பதை வங்கி நான்கு இலக்கக் குறியீட்டால் அறிகிறது. எரிபொருள் நிலையத்துக்கு அது 5541. நீங்கள் என்ன வாங்கினீர்கள் என்பது வங்கிக்குத் தெரியாது. நாங்கள் ஆயிலை ரொக்கத்தில் வாங்குகிறோம்.

படி 5: திரும்பி வந்ததைத் தேடுதல்

பல கார்டுகள் சர்சார்ஜைத் தள்ளுபடி செய்வதாகச் சொல்கின்றன. எடுக்காமல் விடுவது என்று நான் புரிந்துகொண்டிருந்தேன். எங்கள் இரண்டு கார்டுகளிலும் முதலில் எடுத்து, பிறகு வரவாகத் திருப்பித் தருகிறார்கள். ஸ்டேட்மென்ட்டில் வரவுக் குறியோடு 20 என்று நிற்கும் பதிவைத் தேடுங்கள். ஸ்டேட்மென்ட் முடியும் நாளுக்கு முந்தைய நாள் டீசல் போட்டிருந்தால், சர்சார்ஜ் இந்த மாதத்திலும் தள்ளுபடி அடுத்த மாதத்திலும் விழக்கூடும். வரிப்பணம் 3.60 திரும்பி வராது. தள்ளுபடி கிடைத்தும் பைசா கணக்கில் ஏதோ உதைக்கிறது என்றால் காரணம் இதுவாகத்தான் இருக்கும்.

தள்ளுபடிக்கு எல்லைகள் உண்டு. ஒரு பரிவர்த்தனை 400 ரூபாய்க்குக் குறையாமலும் 5,000 ரூபாய்க்கு மிகாமலும் இருக்க வேண்டும் என்பது பல கார்டுகளில் காணப்படும் நிபந்தனை. எல்லைகள் கார்டுக்குக் கார்டு மாறும் என்பதால் உங்கள் கார்டின் கட்டண அட்டவணையைப் படித்துப் பாருங்கள். அண்ணன் ஒரே தடவையில் 12,000 ரூபாய்க்கு டேங்கை நிரப்பிய நாளில் 120 ரூபாய் சர்சார்ஜும் 21.60 வரியும் போயின. ஒரு ரூபாயும் திரும்பவில்லை. மாதத்துக்கு இவ்வளவுதான் தள்ளுபடி என்ற உச்சவரம்பும் இருக்கும். எங்கள் கார்டில் அது 250 ரூபாய், அதாவது 25,000 ரூபாய் எரிபொருளோடு தீர்ந்துவிடும். மாம்பழப் பருவத்தில் வண்டிகள் இரவும் பகலும் ஓடும்போது, மாதத்தின் முற்பாதியில் தள்ளுபடி ஒழுங்காக வருவதும் பிற்பாதியில் நின்றுபோவதும் முதலில் எனக்குப் பெரும் மர்மமாக இருந்தது. வரவுகளைக் கூட்டிப் பார்த்தபோது சரியாக 250 வந்தது.

மின்னணு முறையில் பணம் செலுத்தினால் 0.75 விழுக்காடு திரும்ப வரும் என்று பழைய குறிப்புகள் சொல்லும். அது பணமதிப்பிழப்புக்குப் பிறகு 2016 டிசம்பரில் பொதுத்துறை எண்ணெய் நிறுவனங்கள் கொடுத்த சலுகை. கிரெடிட் கார்டுக்கு 2019 அக்டோபர் 1 முதல் நிறுத்தப்பட்டுவிட்டது. அதை ஸ்டேட்மென்ட்டில் தேட வேண்டாம்.

படி 6: யுபிஐ பதிவுகளும் தோல்வியடைந்தவையும்

வங்கிக் கணக்கிலிருந்து நேரடியாக யுபிஐயில் கட்டினால் சர்சார்ஜ் இல்லை. ஸ்லிப்பில் உள்ள தொகைதான் ஸ்டேட்மென்ட்டிலும் இருக்கும். சின்னத் தொகைகளுக்கு நான் இதையே பரிந்துரைப்பேன். ஒவ்வொரு பதிவிலும் 12 இலக்க எண் ஒன்று இருக்கும். அதே எண் செயலியின் வரலாற்றிலும் இருப்பதால் ஒப்பிடுவது எளிது.

பணம் பிடிக்கப்பட்டு, மெஷினில் தோல்வி என்று வந்திருந்தால் பதற வேண்டாம். ரிசர்வ் வங்கி 2019 செப்டம்பர் 20 அன்று வெளியிட்ட சுற்றறிக்கையின்படி, கடை மெஷினில் கார்டைத் தேய்த்துத் தோல்வியடைந்ததானாலும், கடைக்குச் செலுத்திய யுபிஐ தொகை உறுதியாகாமல் போனதானாலும், பரிவர்த்தனை நாளிலிருந்து 5 நாட்களுக்குள் பணம் தானாகத் திரும்ப வேண்டும். தாமதித்தால் நாளொன்றுக்கு 100 ரூபாய் இழப்பீடு உண்டு. வங்கியில் புகார் கொடுத்து 30 நாட்களாகியும் தீராவிட்டால் ரிசர்வ் வங்கியின் குறைதீர்ப்பாளரிடம் போகலாம். விவரம் கேட்பதற்கான எண் 14448.

எந்த ஸ்லிப்போடும் பொருந்தாத, நீங்கள் போகாத ஊரின் பதிவு ஒன்று எஞ்சினால், முதலில் கார்டை முடக்குங்கள். பிறகு வங்கிக்கு எழுத்துமூலம் தெரிவித்து, புகார் எண்ணை வாங்கிக்கொள்ளுங்கள். மோசடி என்று தெரிந்தால் 1930 என்ற சைபர் குற்ற உதவி எண்ணுக்கு அழையுங்கள். மூன்றாம் நபரின் மோசடியாக இருந்து, வங்கியின் தகவல் கிடைத்த 3 வேலை நாட்களுக்குள் தெரிவித்தால் இழப்பு உங்கள் தலையில் விழாது என்று ரிசர்வ் வங்கியின் 2017 ஜூலை சுற்றறிக்கை கூறுகிறது. மாதம் முடியட்டும் என்று காத்திருப்பது இந்த ஒரு விஷயத்தில் கூடாது.

பின்சேர்க்கை 1: பென்னாகரத்திலிருந்து ஒருவர், தம் ஸ்கூட்டருக்கு ஒவ்வொரு முறையும் 300 ரூபாய்க்குப் போடுவதாகவும் தள்ளுபடி ஒரு தடவையும் வரவில்லை என்றும் எழுதியிருந்தார். 400 என்ற கீழெல்லைதான் காரணம். இருசக்கர வண்டிக்குக் கார்டைத் தேய்ப்பதில் இந்த அளவு தொகைக்கு எந்த லாபமும் இல்லை.

பின்சேர்க்கை 2: பணம் வந்ததைச் சத்தமாக அறிவிக்கும் பங்க்கின் சவுண்டு பாக்ஸ் பேசவில்லை என்பதால் அதே தொகையை இரண்டாம் முறை யுபிஐயில் அனுப்பிவிட்டு, 5 நாட்களாகியும் பணம் திரும்பவில்லை என்று இருவர் கேட்டிருந்தனர். இதை மேலே தெளிவாக எழுதாதது என் பிழை. இரண்டு பதிவுகளும் வெற்றி என்று காட்டினால், வங்கியின் பார்வையில் எதுவும் தோல்வியடையவில்லை. ஆகவே தானாகத் திரும்பும் விதி இதற்குப் பொருந்தாது. இரண்டு 12 இலக்க எண்களையும் எழுதி எடுத்துக்கொண்டு, பங்க்கின் மேலாளரிடம் அன்றைய வரவுக் கணக்கோடு ஒப்பிட்டுப் பார்க்கச் சொல்லுங்கள். அவர் வங்கிக் கணக்கில் இரண்டு தொகைகளும் வந்திருந்தால் அவரே திருப்பி அனுப்பலாம். மாலையில் ஷிப்ட் மாறும் நேரத்தைத் தவிர்த்துப் போங்கள். அந்த நேரத்தில் பணத்தை எண்ணிக்கொண்டிருப்பவரிடம் எதுவும் கேட்டுப் பயனில்லை.