வெட்கம் பாவமா? கேள்வியிலேயே தொடங்கும் தவறுகள்

வெட்கப்படுவது பாவமா என்று வேதம் படிக்கிற இருவரிடம் கேட்டால் இரண்டு விதமான பதில் வரும். ஒருவர் ரோமர் 1:16-ஐ எடுத்துக்கொண்டு, ‘கிறிஸ்துவின் சுவிசேஷத்தைக்குறித்து நான் வெட்கப்படேன்’ என்று பவுலே சொல்லியிருக்கிறார், ஆகவே வெட்கம் விசுவாசக் குறைவுதான் என்பார். மற்றவர் எரேமியா 6:15-ஐத் திறந்து, அருவருப்பானதைச் செய்துவிட்டும் நாண அறியாத மக்களைத் தீர்க்கதரிசி சாடுவதைக் காட்டி, வெட்கப்படாததுதான் பாவம் என்பார். இருவரும் வசனத்தைச் சரியாகத்தான் சொல்கிறார்கள். யார் வெட்கப்பட்டார்கள், எதற்காக, வெட்கப்பட்டு என்ன செய்தார்கள் என்று கேட்காமல் தீர்ப்புக்குப் போய்விட்டதுதான் பிசகு.

முதல் தவறு, உணர்ச்சியைச் செயலாக எண்ணுவது. பாவம் என்பது நித்திய சட்டத்துக்கு மாறான சொல், செயல் அல்லது ஆசை என்று பழைய திருச்சபையின் பெரும் இறையியலாளர் அகுஸ்தீன் வரையறுத்தார். சாவான பாவத்துக்கு, அதாவது ஆன்மாவுக்குச் சாவை வருவிக்கும் பெரும்பாவத்துக்கு, கனமான காரியம், முழு அறிவு, மனமுவந்த சம்மதம் ஆகிய மூன்றும் வேண்டும் என்கிறது கத்தோலிக்க மறைக்கல்வி. உணர்ச்சிகள் தம்மளவில் நல்லவையும் அல்ல, கெட்டவையும் அல்ல என்றும் அதே நூல் சொல்கிறது. முகம் சிவப்பதற்கு யாரும் சம்மதம் கொடுப்பதில்லை. அது நம்மைக் கேட்டுக்கொண்டா வருகிறது?

13-ம் நூற்றாண்டில் தாமஸ் அக்குவினாஸ் தம் இறையியல் தொகுப்பில் வெட்கத்துக்கென்று தனியாக ஒரு பகுதியை ஒதுக்கினார். அங்கே அவர் எழுப்பும் முதல் கேள்வி, வெட்கம் ஒரு நற்பண்பா என்பது. பாவமா என்று அவர் கேட்கவே இல்லை. கண்டிப்பான பொருளில் அது நற்பண்பு ஆகாது, ஆனால் பாராட்டத்தக்க ஓர் உணர்ச்சி என்பது அவருடைய விடை. இழிவு வந்துவிடுமோ என்ற அச்சத்தின் ஒரு வகையாகவே அவர் அதைப் பார்க்கிறார். தன்னடக்கம் என்ற பண்புக்குள் அதற்கு ஓர் இடம் கொடுக்கிறார். ‘வெட்கம் பாவம்’ என்று மேடையிலிருந்து முழங்குகிறவர்கள், இந்த மரபு முழுவதையும் தாண்டிக் குதித்துத்தான் அந்த முடிவுக்கு வர முடியும்.

இதற்கும் வெகு காலம் முன்பே சீராக்கின் ஞானம் விஷயத்தை இரண்டாகப் பிரித்துவிட்டது. பாவத்துக்குக் கொண்டுபோகிற வெட்கமும் உண்டு, மாட்சியும் அருளும் தருகிற வெட்கமும் உண்டு என்கிறது அதன் 4:21. (கத்தோலிக்கர் விவிலியத்தில் இந்த நூல் உண்டு, சீர்திருத்தச் சபையார் இதைத் திருமறையில் சேர்ப்பதில்லை.) பின்னால் 41, 42-ம் அதிகாரங்களில், எதற்கெல்லாம் வெட்கப்பட வேண்டும், எதற்கெல்லாம் கூடாது என்று பட்டியலே வருகிறது. திருட்டும் ஆணையை மீறுவதும் சாப்பாட்டு மேசையில் முழங்கையை ஊன்றுவதும் ஒரே மூச்சில் வெட்கத்துக்குரியவை. தராசைச் சரியாகப் பிடிப்பதும், பயணத் துணையோடு கணக்குப் பார்ப்பதும் வெட்கப்படத் தேவையில்லாதவை. படிக்கச் சுவையாக இருக்கிறது. ஆனால், கெட்ட அடிமையின் முதுகில் இரத்தம் வர அடிப்பதற்கும் வெட்கப்படாதே என்று அதே பட்டியல் சொல்வதை மறக்கக் கூடாது. எதற்கு வெட்கப்படுவது என்பதை ஒவ்வொரு காலமும் தன் வசதிக்கு ஏற்ப எழுதிவைத்துக்கொள்ளும். வெட்கத்தை இரண்டாகப் பிரித்தது சரி, பட்டியலை அப்படியே கையில் எடுத்துக்கொள்ள முடியாது.

அடுத்த தவறு, ‘என்னைக்குறித்து வெட்கப்படுகிறவன்’ என்று மாற்கு 8:38-ல் இயேசு சொல்வதைக் கூச்ச சுபாவத்தோடு குழப்பிக்கொள்வது. அந்த எச்சரிக்கைக்குப் பின்னால் இருப்பது சிலுவை. ரோமில் பாலத்தீன் குன்றில் கிடைத்த பழைய சுவர்க் கிறுக்கல் ஒன்றில் கழுதைத் தலையோடு ஒருவன் சிலுவையில் தொங்குகிறான், கீழே ஓர் ஆள் அவனைக் கும்பிடுகிறான், ‘அலெக்ஸாமெனோஸ் தன் தெய்வத்தை வணங்குகிறான்’ என்று பக்கத்தில் எழுதியிருக்கிறது. சிலுவை அடிமைகளுக்கும் கலகக்காரர்களுக்கும் உரிய சாவு. அப்படிச் செத்தவரைக் கர்த்தர் என்று சொல்வதற்கு எவ்வளவு ஏளனத்தைத் தாங்க வேண்டியிருந்தது என்பதை அந்தக் கிறுக்கல் காட்டுகிறது. அங்கே கண்டிக்கப்படுவது, அந்த ஏளனத்துக்கு அஞ்சி அவரைக் கைவிடும் செயல். இயேசு கைதான இரவில் சீடர் பேதுரு முற்றத்தில் தலைகுனிந்ததற்காக அழவில்லை. ‘அந்த மனுஷனை அறியேன்’ என்று சொன்னதற்காக அழுதார்.

இதன் மறுபக்கம் 2 தீமோத்தேயு 1-ம் அதிகாரத்தில் இருக்கிறது. சிறையில் இருந்த என் விலங்கைக்குறித்து ஒநேசிப்போரு வெட்கப்படவில்லை என்கிறார் பவுல். அதற்கு அத்தாட்சியாக அந்த மனிதரின் மனநிலையை அவர் விவரிப்பதில்லை. ரோமுக்கு வந்து தன்னைத் தேடிக் கண்டுபிடித்தார் என்று சொல்கிறார். சிறைக்குப் போகும் வழியில் ஒநேசிப்போருவுக்கு உள்ளுக்குள் கூசியிருக்கலாம். அதைப் பற்றிக் கடிதத்தில் ஒரு வார்த்தையும் இல்லை. ஆகவே, கூட்டத்தில் எழுந்து சாட்சி சொல்ல நாக்கு எழாத பெண்ணைப் பார்த்து, ‘நீ ஆண்டவரைக்குறித்து வெட்கப்படுகிறாய்’ என்று சொல்வது வசனத்தை வளைப்பது. அவளுடைய கூச்சம் சுபாவம். அதை மறுதலிப்பாக்கியது சொன்னவரின் அவசரம்.

வெட்கம் உண்மையிலேயே பாவத்துக்கு வாசலாகும் இடம் ஒன்று இருக்கிறது. செய்ததை மறைக்கச் சொல்லும்போதுதான் அது. ‘உன் பாவங்களை அறிக்கையிட வெட்கப்படாதே’ என்று சீராக்கே சொல்கிறது. 3-ம் நூற்றாண்டின் தொடக்கத்தில் கார்த்தேஜின் கிறிஸ்தவ எழுத்தாளர் தெர்த்துல்லியன், வெளிப்படையான தவத்துக்கு (சபை முன்னால் பாவத்துக்கு வருந்துவதற்கு) வரத் தயங்குகிறவர்களைப் பற்றி எழுதும்போது, உடலின் மறைவிடத்தில் நோயை வைத்துக்கொண்டு மருத்துவரிடம் காட்டக் கூசி, அந்தக் கூச்சத்தோடேயே அழிகிறவர்களை நினைவூட்டுகிறார். காயத்தைக் காட்ட நோயாளி வெட்கப்பட்டால், அறியாத நோய்க்கு மருத்துவம் செய்ய முடியாது என்ற விவிலிய அறிஞர் எரோணிமுஸின் கருத்தை 1551-ல் கத்தோலிக்க ஆயர்கள் கூடிய திரெந்து பொதுச்சங்கம் எடுத்தாண்டது. சாவான பாவத்தை அறிந்தே மறைத்தால் பாவசங்கீர்த்தனம் (குருவிடம் செய்யும் பாவ அறிக்கை) பயனற்றுப்போகும் என்பது கத்தோலிக்கப் போதனை. இங்கேயும் குற்றமாவது மறைத்ததுதான்.

எகிப்தியப் பாலைவனத் துறவிகளிடம் கேட்டவற்றை 5-ம் நூற்றாண்டின் முற்பகுதியில் எழுதிவைத்த யோவான் காசியன், இதைப் பற்றி இரண்டு கதைகள் சொல்கிறார். அடுத்தடுத்து வரும் அவை இரண்டையும் சேர்த்தே படிக்க வேண்டும். முதல் கதை செராப்பியோன் என்ற துறவியின் சிறுவயது. பெரியவர் தெயோனோடு வாழ்ந்த அந்தப் பையன், தினமும் சாப்பாடு முடிந்ததும் ஒரு ரொட்டியை ஆடைக்குள் ஒளித்துவைத்து மாலையில் யாருக்கும் தெரியாமல் தின்றுவந்தான். தின்ற ருசி உடனே போய்விடும், உறுத்தல் மட்டும் நிற்கும். ஆனாலும் விட முடியவில்லை, சொல்லவும் வெட்கம். ஒரு நாள் வந்திருந்த விருந்தாளிகளிடம் பெரியவர் பெருந்தீனியைப் பற்றியும் மறைத்துவைக்கும் எண்ணங்களைப் பற்றியும் பேசிக்கொண்டிருந்தார். தன்னைத்தான் சொல்கிறார் என்று நினைத்த பையன் விம்மி அழுது, மடியிலிருந்த ரொட்டியை எடுத்துப் போட்டுத் தரையில் விழுந்தான். பெரியவர் திட்டவில்லை. நான் ஒன்றும் பேசாமலேயே நீ சொன்னது உன்னை விடுவித்துவிட்டது என்றார்.

இத்தோடு நிறுத்தியிருந்தால், ‘வெட்கத்தை விட்டு எல்லாவற்றையும் பெரியவர்களிடம் சொல்’ என்ற வழக்கமான அறிவுரையாக அது முடிந்திருக்கும். காசியன் நிறுத்தவில்லை. இச்சையால் அலைக்கழிக்கப்பட்ட ஓர் இளம் துறவி உதவி கேட்டு ஒரு முதியவரிடம் போகிறான். அவரோ, இப்படிப்பட்ட எண்ணம் கொண்டவன் துறவி என்ற பெயருக்கே தகுதியற்றவன் என்று கடிந்துகொள்கிறார். அவன் மனமுடைந்து, மடத்தை விட்டு ஊருக்குத் திரும்பி மணம் முடிக்கப் புறப்பட்டுவிடுகிறான். வழியில் அப்பொல்லோ என்ற மூத்த துறவி அவனைப் பார்க்கிறார். வற்புறுத்திக் கேட்டு விஷயத்தை அறிகிறார். இந்த வயதிலும் இதே எண்ணங்கள் என்னையும் தினமும் வாட்டுகின்றன என்று சொல்லித் தேற்றித் திருப்பி அனுப்புகிறார். பிறகு அந்த முதியவரின் குடிலுக்கு அருகில் போய், இளைஞனின் சோதனை இவர்மேல் வரட்டும் என்று ஜெபிக்கிறார். வருகிறது. முதியவர் பித்துப் பிடித்தவர்போல் குடிலுக்கு உள்ளேயும் வெளியேயும் ஓடுகிறார்.

பாவ அறிக்கையைப் பற்றிப் பேசுகிறவர்கள் முதல் கதையை மட்டும் எடுத்துக்கொள்கிறார்கள் என்பது என் குறை. ஒருவனை வாய் திறக்கவிடாமல் செய்வது பெரும்பாலும் அவனுடைய வெட்கம் மட்டுமல்ல, கேட்கிறவரின் நாக்கும்தான். காசியன் தண்டித்தது வெட்கப்பட்டவனை அல்ல, வெட்கப்படுத்தியவரை.

திருச்சபையின் நிர்வாகமும் இதைக் கண்டுகொண்ட தருணம் ஒன்று உண்டு. மனம் வருந்துகிறவர்களின் பாவங்களைத் தாளில் எழுதிச் சபை முன் வாசிக்கும் வழக்கம் இத்தாலியில் சில இடங்களில் இருந்தது. 459-ல் திருத்தந்தை முதலாம் லியோ அதைத் தடைசெய்து ஆயர்களுக்குக் கடிதம் எழுதினார். குருவிடம் மறைவாகச் சொன்னால் போதும். இல்லாவிட்டால் வெட்கத்தாலும் பயத்தாலும் பலர் மருந்தையே விட்டு விலகிவிடுவார்கள் என்பது அவர் சொன்ன காரணம். சனங்களை வெட்கத்தை வெல்லச் சொல்லவில்லை. வெட்கப்படுத்தும் வழக்கத்தைத்தான் நிறுத்தினார். ஒழுங்கு நடவடிக்கை என்ற பெயரில் ஒருவரின் குடும்ப விவகாரத்தை இன்னமும் ஆராதனையில் அறிவிக்கிற சபைகளுக்கு இந்தக் கடிதத்தை யாராவது அனுப்பினால் நல்லது.

பவுலின் கொரிந்தியர் முதல் கடிதமும் இதே கவனத்தோடு படிக்க வேண்டியது. ‘உங்களை வெட்கப்படுத்த இதை எழுதவில்லை’ என்கிறார் 4-ம் அதிகாரத்தில். சகோதரன்மேல் வழக்குப் போடுகிறவர்களிடம், நீங்கள் வெட்கப்படவேண்டும் என்றுதான் சொல்கிறேன் என்கிறார் 6-ம் அதிகாரத்தில். இதை முரண் என்று சொல்லலாம், எனக்கு அப்படித் தோன்றவில்லை. தகப்பன் பிள்ளையிடம் பேசும்போது இரண்டும் வரும். ஆனால் 11:22-ல் குரல் மாறிவிடுகிறது. கர்த்தருடைய பந்தியில் வசதியுள்ளவர்கள் முந்திக்கொண்டு தின்று வெறிக்க, ஏழைகள் பசியோடு நிற்கிறார்கள். ‘இல்லாதவர்களை வெட்கப்படுத்துகிறீர்களா?’ என்று கேட்கிறார். இங்கே பாவம் யார் பக்கம் என்பதில் சந்தேகமே இல்லை. திருநெல்வேலிச் சீமையின் வடக்கன்குளத்தில் 19-ம் நூற்றாண்டில் சாதிக்கு ஒரு பக்கமாக உட்கார இரண்டாகப் பிரிந்த கோயிலைக் கட்டி, நடுவில் சுவரும் வைத்தார்கள். 1910-ல்தான் அந்தச் சுவர் இடிக்கப்பட்டது. அந்த வசனத்தை அங்கேயும் வாசித்துத்தான் இருப்பார்கள்.

மிகக் கொடுமையான தவறு, பாதிக்கப்பட்டவரின் வெட்கத்தைக் குற்றத்துக்குச் சாட்சியாக்குவது. 410-ல் ரோம் சூறையாடப்பட்டபோது கிறிஸ்தவப் பெண்கள் பலர் வன்புணர்வுக்கு ஆளானார்கள். வன்புணரப்பட்டதும் தன்னையே மாய்த்துக்கொண்ட பழைய ரோமப் பெண் லுக்ரேசியாவைப்போல் ஏன் உயிரை விடவில்லை என்று ஏளனம் செய்தவர்களுக்கு, அகுஸ்தீன் ‘கடவுளின் நகரம்’ நூலின் தொடக்கத்திலேயே பதில் சொன்னார். கற்பு மனத்தின் பண்பு, சம்மதியாதவரிடமிருந்து அதை யாரும் பறிக்க முடியாது என்றார். அவர் காலத்துக்கு அது துணிச்சலான பேச்சு. ஆனால் வாதத்தின் வேகத்தில் செத்துப்போன லுக்ரேசியாவையும் கூண்டில் ஏற்றி, கற்புள்ளவள் என்றால் ஏன் தன் கையாலேயே கொல்லப்பட்டாள் என்று குறுக்கு விசாரணை செய்கிறார். அவளை வெட்கம்தான் கொன்றது என்பதைக் கண்டுகொண்ட அவர், அந்த வெட்கத்தை அவள்மேல் ஏற்றிய ஊரை அத்தனை கடுமையாக விசாரிக்கவில்லை.

அந்த விசாரணை வெகு காலம் நடக்கவே இல்லை. அயர்லாந்தில் கன்னியர் மடங்கள் நடத்திய மக்தலேன் சலவைக்கூடங்களில், மணமாகாமல் தாயானவர்களும் ஆதரவற்றவர்களும் கூலியின்றி உழைத்தார்கள். கடைசிக் கூடம் மூடப்பட்டது 1996-ல். அரசு மன்னிப்புக் கேட்டது 2013 பிப்ரவரியில். இன்றும் துன்புறுத்தப்பட்ட ஒருவர் பல ஆண்டுகள் கழித்து வாய் திறந்தால், ‘தப்பில்லாவிட்டால் இவ்வளவு நாள் ஏன் மறைத்தாய்’ என்று கேட்கிறோம். வெட்கம் குற்றமில்லாதவரையும் பிடிக்கும் என்பதை மறந்தவர் கேட்கிற கேள்வி அது.

இப்போது பரவலாகி வரும் இன்னொரு தவறு, உளவியலிலிருந்து கடன் வாங்கியது. குற்ற உணர்வு நல்லது, ஏனென்றால் அது செயலைப் பற்றியது; வெட்கம் கெட்டது, ஏனென்றால் அது ஆளையே பற்றியது என்கிறார்கள். ஹெலன் பிளாக் லூயிஸ் 1971-ல் எடுத்துச் சொன்ன இந்த வேறுபாடு ஆலோசனை அறையில் உதவும். அதையே விவிலியத்துக்குச் சட்டையாகப் போட்டால் பொருந்தாது. எரேமியா ஏங்கியதும், பவுல் கொரிந்தியர் முதல் கடிதத்தின் 6-ம் அதிகாரத்தில் எதிர்பார்த்ததும் வெட்கம்தான்.

இந்தக் கருத்தின் நுனியில் தொங்குவது, வெட்கம் போய்விட்டாலே விடுதலை என்ற எண்ணம். வெட்கம் இல்லாதவர்கள் இரு வகை என்கிறார் தாமஸ்: பாவத்தில் ஊறியவர்கள், வெட்கத்துக்குரியதை நினைத்தும் பார்க்காத நல்லவர்கள். நாம் எந்த வகை என்பதை வெட்கம் இல்லை என்பது மட்டும் சொல்லிவிடாது. இளவயதில் நண்பர்களின் அட்டூழியங்களுக்கு முன்னால் தாம் குறைந்துபோகக் கூடாதென்று, செய்யாததையும் செய்ததாக அளந்துவிட்டதை அகுஸ்தீன் எழுதியிருக்கிறார். வெட்கங்கெட்டவனாக இல்லாததற்கு வெட்கப்பட்டாராம்!

தாமஸ் இன்னொன்றும் கவனிக்கிறார். வழிப்போக்கர்களைவிட, நம்மோடு என்றும் வாழப்போகிறவர்கள் முன்னால்தான் நாம் அதிகம் வெட்கப்படுகிறோம். சொந்த ஊர்ச் சாமியாரிடம் சொல்லக் கூசி, பஸ் ஏறிப் பக்கத்து ஊருக்குப் போகிறவர்களின் சங்கடம் இதுதான். அது போலித்தனம், மனத்தாழ்மை இல்லாததன் அடையாளம் என்று சிலர் சொல்கிறார்கள். 1215-ல் நான்காம் லாத்தரன் பொதுச்சங்கம் சொந்தப் பங்குக் குருவிடமே சொல்ல வேண்டும், வேறொருவரிடம் போக அவருடைய அனுமதி வேண்டும் என்றுதான் விதித்தது. 1983-ன் திருச்சபைச் சட்டத் தொகுப்பு, எண் 991-ல், தாம் விரும்பும் குருவிடம் அறிக்கையிடும் உரிமையை எல்லாருக்கும் கொடுத்திருக்கிறது. முகம் காட்ட விரும்பாதவர்களுக்காக நிலையான கம்பித் தடுப்புள்ள இருக்கையும் இருக்க வேண்டும் என்கிறது எண் 964. பக்கத்து ஊருக்குப் பஸ் ஏறுகிறவர் யாரிடமும் அனுமதி கேட்க வேண்டியதில்லை.