இரவு உணவுக்குப் பின் பத்து நிமிடம்: சர்க்கரை உள்ளவர்கள் நடக்கத் தொடங்கும் முறை

நாம் சாப்பிடும் சோறும் இட்லியும் குளுக்கோஸாக மாறி இரத்தத்தில் கலந்த பிறகு, அதைப் பெருமளவில் உள்வாங்கிக்கொள்வது நம் தசைகளே. அந்தத் தசைகளின் கதவை இன்சுலின்தான் வழக்கமாகத் திறந்துவிடுகிறது. இரண்டாம் வகைச் சர்க்கரை நோயில் அதற்குக் கதவு எளிதில் திறப்பதில்லை. ஆனால் தசை சுருங்கி விரியும்போது, இன்சுலினின் உதவி இல்லாமலேயே குளுக்கோஸ் உள்ளே செல்ல வேறொரு வழி திறக்கிறது. நடந்து முடித்த பின்னும் ஏறத்தாழ ஒரு நாள், சிலருக்கு இரண்டு நாள் வரை, இன்சுலின் சற்று நன்றாக வேலை செய்கிறது. தொடர்ந்து இரண்டு நாட்களுக்கு மேல் நடக்காமல் விட்டுவிடக் கூடாது என்று மருத்துவர்கள் சொல்வதற்கு இதுவே காரணம். ஞாயிற்றுக்கிழமை மட்டும் இரண்டு மணி நேரம் நடப்பதைவிட, வாரம் முழுவதும் சிறிது சிறிதாக நடப்பதையே நான் வலியுறுத்துவேன்.

தொடங்குவதற்கு மிக எளிய நேரம் இரவு உணவுக்குப் பிறகுதான். உண்ட மயக்கம் தொண்டனுக்கும் உண்டு என்பது உண்மையே. ஆயினும் நம் வீடுகளில் ஒன்பது மணிக்குச் சாப்பிட்டுவிட்டுத் தொலைக்காட்சியின் முன் அமர்ந்து, அப்படியே படுக்கைக்குப் போகிற பழக்கத்தால், சாப்பிட்ட ஒரு மணி நேரத்தையொட்டி ஏறும் சர்க்கரையைச் செலவழிக்க உடலுக்கு வேலையே இல்லாமல் போகிறது. சாப்பிட்ட அரை மணி நேரத்துக்குள் எழுந்து பத்து நிமிடம் நடந்தால் அந்த ஏற்றம் குறைகிறது. தெருவில் நாய்த் தொல்லையோ இருட்டோ இருந்தால் மொட்டை மாடி போதும். என் தாயார் கைப்பிடிச் சுவரின் ஒரு முனையில் இருபது புளியங்கொட்டைகளை வைத்துவிட்டு, ஒவ்வொரு சுற்றுக்கும் ஒன்றை மறுமுனைக்கு மாற்றிக்கொண்டே நடப்பார். கொட்டைகள் அனைத்தும் இடம் மாறும் வரை அவர் கீழே இறங்கியதில்லை.

இரண்டு வாரம் சென்றபின் காலை உணவுக்குப் பிறகும் பத்து நிமிடம் சேர்த்துக்கொள்ளுங்கள். பிறகு மெல்ல மெல்ல நேரத்தையும் வேகத்தையும் கூட்டுங்கள். நடக்கும்போது பேச முடிய வேண்டும், ஆனால் பாட முடியக் கூடாது. அதுவே சரியான வேகம். உலக சுகாதார நிறுவனம் 2020-இல் வெளியிட்ட வழிகாட்டுதலின்படி, பெரியவர்களுக்கு இத்தகைய மிதமான உழைப்பு வாரத்துக்கு 150 முதல் 300 நிமிடங்கள் வேண்டும். நாளுக்குப் பத்தாயிரம் அடி என்ற கணக்கை எண்ணி யாரும் மலைக்க வேண்டாம். அது 1965-இல் ஜப்பானில் விற்பனைக்கு வந்த ஓர் அடி அளக்கும் கருவியின் பெயரிலிருந்து பரவிய எண்ணே தவிர, மருத்துவ ஆய்விலிருந்து பிறந்தது அன்று.

வீட்டு வேலையே போதாதா என்று பெண்கள் பலர் கேட்கிறார்கள். குனிந்து நிமிர்ந்து தரை துடைப்பதும், தண்ணீர்க் குடம் சுமப்பதும் நிச்சயமாகக் கணக்கில் சேரும். ஆனால் அடுப்பருகே மணிக்கணக்கில் நிற்பது காலை வலிக்கச் செய்யுமே அன்றி மூச்சை வேகப்படுத்தாது.

நடையோடு தசைக்கு வலுவூட்டும் பயிற்சியும் வாரத்தில் குறைந்தது இரண்டு நாள் தேவை. தசை கூடினால் குளுக்கோஸுக்கு இடமும் கூடும் என்பதால், சர்க்கரை உள்ளவர்கள் இதை ஒதுக்கவே கூடாது. கருவி எதுவும் வேண்டாம். உறுதியான மர நாற்காலி ஒன்றைச் சுவரோடு ஒட்டிப் போடுங்கள் (பிளாஸ்டிக் நாற்காலி வழுக்கும்). நுனியில் அமர்ந்து, பாதங்களைத் தரையில் முழுமையாக ஊன்றி, கைகளை மார்பின் குறுக்கே கட்டிக்கொண்டு எழுந்து நில்லுங்கள். பிறகு மூன்று எண்ணும் வரை மெதுவாக அமருங்கள். பொத்தென்று விழுந்து அமர்ந்தால் பயன் பாதியாகிவிடும். எட்டு முறை செய்து, சற்று ஓய்ந்து, மீண்டும் எட்டு முறை செய்யலாம். முதல் வாரம் கையை ஊன்றி எழுந்தாலும் தவறில்லை.

இன்சுலின் போடுபவர்களும், கிளிமெபிரைடு போன்ற, இன்சுலின் சுரப்பைக் கூட்டும் மாத்திரைகளை உட்கொள்பவர்களும், நடையைக் கூட்டும் முன் மருத்துவரிடம் மருந்தின் அளவைப் பற்றிக் கேட்டுக்கொள்ள வேண்டும். நடக்கும்போது கை நடுக்கம், திடீர் வியர்வை, கடும் பசி தோன்றினால் சர்க்கரை தாழ்ந்திருக்கலாம். உடனே அமர்ந்து மூன்று தேக்கரண்டிச் சர்க்கரையைத் தண்ணீரில் கலந்து குடித்து, பதினைந்து நிமிடம் கழித்துச் சர்க்கரை அளவைச் சோதித்துப் பாருங்கள். நெஞ்சில் இறுக்கமோ, இடக்கையில் பரவும் வலியோ வந்தால் நடையை அத்துடன் நிறுத்திவிட்டு, தாமதிக்காமல் மருத்துவமனைக்குச் செல்லுங்கள்.

கடைசியாகப் பாதங்கள். பூங்காக்களில் கூழாங்கல் பதித்த எட்டு வடிவப் பாதையில் வெறுங்காலோடு நடப்பது இப்போது பரவலாகிவிட்டது. பாதத்தில் உணர்ச்சி குறைந்தவர்களுக்கு அது ஆபத்தானது. கல் குத்திய இடம் புண்ணாகிச் சீழ் வைத்த பிறகே அவர்களுக்குத் தெரியவரும். பருத்திக் காலுறையும், விரல்களை நெருக்காத காலணியும் அணிந்து நடங்கள். அணியும் முன் காலணியைக் கவிழ்த்துத் தட்டி, உள்ளே கல்லோ முள்ளோ இருக்கிறதா என்று கையால் தடவிப் பாருங்கள். படுக்கும் முன் சிறு கண்ணாடியைத் தரையில் வைத்து உள்ளங்காலையும், விரல் இடுக்குகளையும் வெளிச்சத்தில் பாருங்கள். கொப்புளமோ சிவப்போ தென்பட்டால் அது ஆறும் வரை நடையை நிறுத்திவைத்து, நாற்காலிப் பயிற்சியைக் கைகளுக்கு மாற்றி, அமர்ந்தபடியே தண்ணீர் நிரப்பிய அரை லிட்டர் பாட்டில்களைத் தூக்கி இறக்குங்கள். மறுநாளே மருத்துவரிடம் காலைக் காட்டுங்கள்.